யார் திருப்பினாலும் ஓடும் எஞ்சின்

1940 கோடை. பிரான்ஸ் வீழ்ந்துவிட்டது. ஜெர்மன் வீரர்கள் பாராசூட்டில் எந்த நாளும் வந்து இறங்கலாம் என்ற அச்சத்தில் பிரிட்டன் இருந்தது. இறங்குகிறவனுக்கு முதலில் தேவைப்படுவது வண்டி. ஆகவே தெருவில் விட்டுச்செல்லும் காரை வேறு யாரும் ஓட்ட முடியாதபடி முடக்கிவிட்டுத்தான் போகவேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. மக்களில் பலர் அதற்குக் கண்ட வழி எளிமையானது. பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை நீக்கி, உள்ளே இருக்கும் ரோட்டரை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். கட்டைவிரல் அளவுள்ள ஒரு பேக்லைட் துண்டு, அதன் தலையில் ஒரு பித்தளைத் தகடு, அவ்வளவுதான். அது இல்லாமல் ஒரு படையே வந்தாலும் அந்த எஞ்சின் ஓடாது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சம்பவம் இன்றும் உதவும். காருக்குப் பூட்டு இருந்தும் அதை நம்பாமல் ஒரு உதிரிபாகத்தை ஏன் நம்பினார்கள் என்று யோசித்தால், பழைய காரின் பலவீனம் முழுவதும் விளங்கிவிடும்.

இக்னிஷனிலிருந்து தொடங்குவோம். பழைய பெட்ரோல் காரின் பானெட்டுக்குள் ஒரு சிறிய உருளை இருக்கும், காயில் என்பார்கள். உள்ளே இரும்பு நடுத்தண்டைச் சுற்றி இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று சற்றுத் தடித்த கம்பியில் சில நூறு சுற்று. மற்றொன்று முடிபோல மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மெக்கானிக்குகள் பாயிண்ட் என்று சொல்லும் ஒரு ஜோடித் தொடுமுனைகள். அவை ஒட்டியிருக்கும்போது பேட்டரியிலிருந்து வரும் கரண்ட் தடித்த சுருள் வழியாக ஓடி, பாயிண்டைத் தாண்டி, காரின் இரும்பு உடம்பான எர்த்துக்குப் போய்ச் சேருகிறது. 12 வோல்ட் பேட்டரி, சுமார் 3 ஓம் மின்தடை. ஆக 4 ஆம்பியர். அந்தக் கரண்ட் காயிலுக்குள் ஒரு காந்தப்புலத்தை எழுப்பி வைக்கிறது. எஞ்சின் சுழலும்போது ஒரு சிறிய கேம் பாயிண்டைத் தள்ளித் திறக்கிறது. திறக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் கரண்ட் அறுந்த அந்தக் கணத்தில் காந்தப்புலம் சரிகிறது. சரியும் புலம் தடித்த சுருளிலேயே இருநூறு, முந்நூறு வோல்ட்டைத் துள்ள வைக்கிறது. மெல்லிய சுருளில் அது 15,000, 20,000 வோல்ட்டாகப் பெருகுகிறது. அந்த உயர் அழுத்தத்தை எந்தச் சிலிண்டரின் பிளக்குக்கு அனுப்புவது என்று முறைவைத்துப் பங்கிடுவதுதான் ரோட்டரின் வேலை. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், நொடிக்கு 100 முறை இவ்வளவும் நடந்து முடிகிறது.

அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய இந்த அமைப்பு 1910 வாக்கில் கேடில்லாக் கார்களில் ஏறியது. அதன் பிறகு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் உலகின் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை இதே தத்துவத்தில்தான் ஓடின. நம் ஊர் அம்பாசிடரும் பியட்டும் அப்படியே. சென்னையில் 1961இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ், பாடி ஆலையில் இவற்றுக்கான காயிலையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் ஆண்டுக்கணக்கில் செய்து தந்தது. எனக்கு இந்த அமைப்பின் மேல் தனி மரியாதை உண்டு. ஒரு திருப்புளியும் உப்புத்தாளும் கையில் இருந்தால் நடுவழியிலேயே சரிசெய்துவிடக்கூடிய இயந்திரம் இது.

அதன் பலவீனமும் அந்த எளிமையில்தான் இருக்கிறது. மேலே சொன்ன வட்டப்பாதையில் சாவிக்கு என்ன வேலை? பேட்டரியையும் காயிலையும் இணைக்கும் சுவிட்சைத் திருப்புவது. அதற்குமேல் ஒன்றுமில்லை. பூட்டு அந்த சுவிட்சின் முகப்பில் பொருத்தப்பட்ட ஒரு காவல் மட்டுமே. எஞ்சினுக்கு அந்தப் பூட்டு இருப்பதே தெரியாது. 12 வோல்ட் எந்த வழியாக வந்தாலும் காயில் வேலை செய்யும். சாவி துவாரத்தைச் சீண்டாமல் பானெட்டுக்கு அடியில் பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேராக ஒரு கம்பி போட்டால் போதும் என்பது எல்லாத் திருடர்களுக்கும் தெரிந்த பாடம். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அந்தக் காவலும் பெரிய காவலல்ல. 1950, 60களின் பிரிட்டிஷ் கார்ப் பூட்டுகள் சில வரிசைகளில் வந்தன. ஒரு வரிசைக்குச் சில டஜன் முதல் நூற்றுச் சொச்சம் சாவி வடிவங்கள்தான் இருந்தன. சாவியின் எண்ணைப் பூட்டின் முகத்திலேயே பொறித்தும் வைத்தார்கள். சாவி தொலைந்தால் எண்ணைச் சொல்லி இன்னொன்று வாங்கிக்கொள்ள அது வசதி. ஐம்பது ஆண்டு தேய்மானத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பூட்டுக்குள் இருக்கும் மெல்லிய பித்தளைத் தகடுகள் மழுங்கி, பக்கத்து எண் சாவிக்கும் வழிவிட ஆரம்பித்துவிடும்.

இன்றைய கார் அப்படியல்ல. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சில்லு. அதற்கு பேட்டரி கிடையாது. சாவி துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்சில் துடிக்கிறது. அந்தத் துடிப்பிலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, கார் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்கிறது. பதில் சரியாக இருந்தால்தான் எஞ்சினின் கணினி பெட்ரோலைத் திறக்கும். இதிலும் ஓட்டைகள் உண்டு. 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆர்எஸ்ஏ ஆய்வகத்தாருடன் சேர்ந்து, பரவலாகப் பயன்பட்ட ஒரு சில்லின் 40 பிட் ரகசியத்தை உடைத்துக் காட்டினார்கள். இருந்தாலும் புதிய கார் ஆளை விசாரிக்கிறது. பழைய கார் விசாரிப்பதில்லை.

புதிய கார்களைப் பூட்டியதால் பழைய கார்களுக்கு வந்த ஆபத்தையும் சொல்லவேண்டும். சாவியை எடுத்ததும் ஸ்டியரிங் இறுகிக்கொள்ளும் பூட்டை மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்தில் கட்டாயமாக்கியது. புதிய கார்களுக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கார்களுக்கும் சேர்த்து. திருட்டு கணிசமாகக் குறைந்து, குறைந்த நிலையிலேயே நின்றது. பிரிட்டன் 1971இல் புதிய கார்களுக்கு மட்டும் கட்டாயமாக்கியது. புதிய கார்கள் தப்பின. திருடர்கள் பழைய கார்களின் பக்கம் திரும்பினார்கள். 1976இல் பிரிட்டிஷ் உள்துறையின் ஆய்வாளர்களே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு 1998இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லாப் புதிய கார்களுக்கும் மின்னணு முடக்கி கட்டாயமானது. நெதர்லாந்தின் தரவுகளை வைத்துப் பொருளியலாளர்கள் வான் அவர்ஸ், வோலார்ட் இருவரும் கணக்கிட்டதில், அந்தக் கருவியால் கார் திருட்டு ஒட்டுமொத்தமாகச் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் எதிர்க்கேள்வி கேட்காத எஞ்சின்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகின்றன. மிச்சமிருப்பவையோ விலை ஏறிக்கொண்டே போகும் பழைய கார்கள்.

அப்படியானால் அந்த எஞ்சினுக்கு ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதையும் காரின் பழைமை கெடாமல், நாளை வேண்டாமென்றால் தடயமில்லாமல் கழற்றிவிடும்படி செய்யவேண்டும். மறைவான ஒரு சுவிட்சுதான் வழி என்று எல்லாரும் சொல்வார்கள். எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

வழக்கமாகச் செய்வது, பேட்டரியிலிருந்து காயிலுக்கு வரும் கம்பியின் நடுவே சுவிட்ச் வைப்பது. திருடன் பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேரடியாகக் கம்பி போட்டால் உங்கள் சுவிட்சும் சாவியும் ஒருசேரத் தாண்டப்பட்டுவிடும். காயிலின் மறுமுனைக்குப் போங்கள். காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் முனையில் இன்னொரு கம்பியை இணைத்து, அதை ஒரு சுவிட்ச் வழியாக எர்த்தில் சேர்த்துவிடுங்கள். சுவிட்சை மூடினால் என்ன ஆகும்? பாயிண்ட் திறந்தாலும் கரண்ட் அறுவதில்லை. பக்கவழியாக எர்த்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். கரண்ட் அறுந்தால்தானே காந்தப்புலம் சரியும், புலம் சரிந்தால்தானே பொறி? செல்ஃப் அடிக்கும், எஞ்சின் சுற்றும், ஒரு பொறிகூட வராது. திருடன் நேர்க்கம்பி போட்டாலும் பயனில்லை. அவன் கரண்ட் வராத இடத்தைத் தேடிக்கொண்டிருப்பான்; இங்கே பிரச்சினை கரண்ட் நிற்காததில் இருக்கிறது. காயிலைத் தொட்டுப் பார்த்தால் சோதனை விளக்கு எரியும். எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். பிரேக்டவுன் வண்டி என்று நினைத்து அவன் விட்டுப்போவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

இந்த முறைக்கு ஒரு விலையும் உண்டு. 12 வோல்ட், 4 ஆம்பியர் என்றால் 48 வாட். எஞ்சின் ஓடும்போது பாயிண்ட் திறந்து மூடுவதால் காயிலுக்கு அவ்வப்போது ஓய்வு கிடைக்கும். எர்த் சுவிட்சை மூடியபடி இக்னிஷனையும் போட்டு வைத்தால் அந்த 48 வாட்டும் இடைவிடாமல் வெப்பமாகிக் காயிலை வேக வைத்துவிடும். ஆகவே இக்னிஷனை நிறுத்திய பிறகே ரகசிய சுவிட்சை மூடவேண்டும். வீட்டில் ஓட்டுகிற எல்லாரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கம்பியின் நிறத்தையும் கவனியுங்கள். லூகாஸ் முறையில் சாவியிலிருந்து காயிலுக்கு வருவது வெள்ளைக் கம்பி. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது கறுப்புக் கோடு போட்ட வெள்ளை. அங்கே புத்தம்புதுச் சிவப்புக் கம்பி ஒன்று தொங்கினால் திருடனுக்கு அதுவே வழிகாட்டி. அதே நிறத்தில், அதே தடிமனில், பழைய கம்பிக்கட்டோடு சேர்த்துத் துணி டேப் சுற்றி ஓட்டவேண்டும். சுவிட்சைப் புதிதாக வாங்கவும் வேண்டாம். பழைய டேஷ்போர்டில் பனிவிளக்குக்கோ ஹீட்டருக்கோ வைத்து, இப்போது பயனில்லாமல் நிற்கும் சுவிட்ச் ஒன்று பெரும்பாலும் இருக்கும். எல்லார் கண்ணிலும் படும் அந்த சுவிட்சை யாரும் சந்தேகப்படுவதில்லை.

சுவிட்சே வெளியே தெரியக்கூடாது என்றால் ரீட் சுவிட்ச் இருக்கிறது. 1936இல் பெல் ஆய்வகத்தின் வால்டர் எல்வுட் கண்டுபிடித்தது. கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்பு நாக்குகள்; காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொள்ளும். டேஷ்போர்டின் மரப்பலகைக்குப் பின்னால் அதை ஒட்டிவிட்டு, சாவிக்கொத்தில் ஒரு காந்தத்தை மாட்டிக்கொண்டால், குறிப்பிட்ட இடத்தில் கொத்தை ஒரு முறை காட்டுவதுதான் உங்கள் கடவுச்சொல். அந்த நாக்குகளால் 4 ஆம்பியரையும் முந்நூறு வோல்ட் துள்ளலையும் தாங்க முடியாது. அவற்றை ஒரு ரிலேயை இயக்க மட்டும் விடவேண்டும். ரிலேயைச் சரியாக அமைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. காந்தம் காட்டியதும் பிடித்துக்கொண்டு, இக்னிஷனை நிறுத்தியதும் தானாக விட்டுவிடும். அதாவது ஒவ்வொரு முறையும் நீங்கள் நினைவாகப் பூட்டத் தேவையில்லை. நினைவாகப் பூட்ட வேண்டிய எதுவும் ஒரு நாள் மறக்கப்படும். தானாகப் பூட்டிக்கொள்வதே நவீன முடக்கியின் பெரிய பலம். நல்ல தரமான ரிலேயாகப் பார்த்து வாங்குங்கள். ஓடும்போது அது செத்தால் எஞ்சினும் நின்றுவிடும்.

பெட்ரோல் குழாயை அடைக்கும் முறையைப் பலர் விரும்புகிறார்கள். எனக்கு அதில் தயக்கம். கார்புரேட்டரின் கிண்ணத்தில் தேங்கியிருக்கும் பெட்ரோலில் வண்டி கிளம்பி, கொஞ்ச தூரம் ஓடி, எங்கேயோ நடுச்சாலையில் நிற்கும். திருடன் ஓடிவிடுவான் என்பது உண்மைதான். பின்னால் வருகிற லாரிக்கு அது தெரியாது. ஆனால் டீசல் அம்பாசிடருக்கு வேறு வழியில்லை. அதற்குப் பொறியே தேவையில்லை. அழுத்தத்தில் சூடேறிய காற்றில் டீசல் தானாகப் பற்றுகிறது. தள்ளிவிட்டுக் கிளப்பினால் மின்சாரம் இல்லாமலே ஓடும். அங்கே எரிபொருளை நிறுத்தினால்தான் எஞ்சின் நிற்கும்.

மறைவான காவலுக்கும் கண்ணுக்குத் தெரியும் காவலுக்கும் உள்ள வேறுபாடு வெறும் ரசனை சார்ந்ததல்ல. ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்புத் தடியைப் பார்த்த திருடன் பக்கத்துக் காருக்குப் போகலாம். பழைய கார்களின் மெலிந்த ஸ்டியரிங் வளையத்தை ரம்பத்தால் அறுத்து, தடியை உருவிப் போட்டுவிட்டும் போகலாம். ஆகவே வளையத்தைவிட, கிளட்ச் பெடலையோ கியர் தடியையோ பிடித்துக்கொள்ளும் பூட்டுகள் மேல். மறைவான காவலின் கதை வேறு. 1986இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோஜாக் என்ற ரேடியோ கருவி அறிமுகமானது. எந்தக் காரில் அது இருக்கிறது என்று வெளியே ஓர் அடையாளமும் கிடையாது. இயான் அயர்ஸ், ஸ்டீவன் லெவிட் என்ற இரு அறிஞர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கருவி பரவிய நகரங்களில் அது இல்லாத கார்களின் திருட்டும் சேர்ந்தே குறைந்ததைக் கண்டார்கள். எது ஆபத்தான கார் என்று தெரியாதபோது திருடனுக்கு எல்லாக் காரும் ஆபத்துதான். உங்கள் தெருவில் பழைய கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தில் சுவிட்சை மறைத்தால், அந்தத் தெருவே பாதுகாப்பாகிறது.

இவ்வளவு செய்தும், எஞ்சினை ஓட்டாமலே காரைக் கொண்டுபோக முடியும். 'கோல்டுஃபிங்கர்' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய ஆஸ்டன் மார்ட்டின் டிபி5, 1997 ஜூனில் ஃபுளோரிடாவின் போக்கா ராட்டன் விமான நிலையக் கொட்டகையிலிருந்து காணாமல் போனது. தரையில் இருந்த டயர்த் தடங்கள், காரை உருட்டாமல் இழுத்துப் போயிருக்கிறார்கள் என்பதைக் காட்டின. இதற்கு எந்த சுவிட்சும் பதில் சொல்லாது; சக்கரங்களைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். அம்பாசிடர் போன்ற கார்களில் கைபிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கிறது. கியரில் நிறுத்தினாலும் இறுகுவது பின்சக்கரங்களே. முன்சக்கரங்கள் சும்மா உருளும். கார் மூக்கை உள்ளே வைத்து ஷெட்டில் நின்றால், இழுவை வண்டிக்காரன் இறுகிய பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு, உருளும் முன்சக்கரங்களில் சுலபமாக இழுத்துப் போவான். ரிவர்ஸில் ஏற்றி நிறுத்துங்கள். அப்போது அவன் கைக்கு எட்டுவது முன்பக்கம். தரையில் தங்குவது இறுகிய பின்சக்கரங்கள். முன்சக்கரங்களை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பியும் வையுங்கள். தரையில் கான்கிரீட்டுக்குள் பதித்த வளையத்தோடு சங்கிலி போடுவதானால், பம்பரில் வேண்டாம். பின் ஆக்சிலைச் சுற்றிப் போடவேண்டும்.

ஜிபிஎஸ் கருவி வைக்கலாமா என்பார்கள். வைக்கலாம், அதன் வரம்பைத் தெரிந்துகொண்டு. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்த சமிக்ஞை தரையைத் தொடும்போது ஒரு வாட்டில் நூறு கோடி கோடியில் ஒரு பங்கு. இரும்புக் கூரைக்கு அடியிலோ கப்பல் கண்டெய்னருக்குள்ளோ அது வராது. கண்ணாடிக்கு அருகில், வானத்தைப் பார்க்க முடிகிற இடத்தில் கருவி இருக்கவேண்டும். பழைய கார் மாதக்கணக்கில் நின்றபடி இருப்பதும் ஒரு சிக்கல். 10 மில்லிஆம்பியர் மட்டுமே குடிக்கும் கருவிகூட ஒரு மாதத்தில் 7 ஆம்பியர்-மணிக்குமேல் உறிஞ்சிவிடும். 40 ஆம்பியர்-மணி பேட்டரி நாலைந்து மாதத்தில் படுத்துவிடும். அதோடு கருவியும் ஊமையாகிவிடும். தனக்கென்று பேட்டரி உள்ள கருவியாகப் பாருங்கள். பொருத்தும் முன் இன்னொன்றைச் சோதிக்கவும்: 1960களுக்கு முந்தைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் எர்த்தாக இருப்பது பேட்டரியின் நேர்முனை. சில பழைய கார்களில் பேட்டரியே 6 வோல்ட். இதைக் கவனிக்காமல் இணைத்தால் கருவி முதல் நாளே எரிந்துபோகும்.

காரே போய்விட்டால், திரும்பக் கிடைப்பதற்கு அதன் அடையாளம் தப்பியிருக்க வேண்டும். இன்றைய 17 இலக்க அடையாள எண் 1980களில்தான் நிலைபெற்றது. அதற்கு முன் கம்பெனிக்கு ஒரு முறை. பல கார்களில் அது ரிவெட் அடித்த ஒரு தகடு மட்டுமே, நிமிடத்தில் மாற்றிவிடலாம். 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தில் வந்த குவென்டின் டரான்டினோவின் 1964 செவெல் மாலிபு, படம் வெளியான 1994இல் திருடுபோய், 2013இல்தான் அகப்பட்டது. அதன் எண்ணை மாற்றி, வேறொரு மாலிபுவின் எண்ணைக் கொடுத்திருந்தார்கள்.

இரும்பில் நேரடியாக அடித்த எண்ணுக்கு ஆயுள் அதிகம். சுத்தியலால் அச்சு அடிக்கும்போது எழுத்தின் பள்ளத்தோடு வேலை முடிவதில்லை. பள்ளத்துக்கு அடியிலும் உலோகத்தின் படிகங்கள் நசுங்கிப்போகின்றன. திருடன் எண்ணை அரத்தால் ராவி வழவழப்பாக்கினாலும் நசுங்கிய படிகங்கள் உள்ளே அப்படியே இருக்கும். தடயவியல் ஆய்வாளர்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் காப்பர் குளோரைடு கலந்த ஒரு கரைசலை அங்கே தடவுகிறார்கள். நசுங்கிய பகுதியை அமிலம் வேறு வேகத்தில் அரிப்பதால், அழிந்துபோன இலக்கங்கள் மங்கலாக மேலே எழுந்து வருகின்றன. மிக ஆழமாக ராவிவிட்டால் மட்டுமே இது பலிக்காது. உங்கள் காரில் வெளியே தெரியாத ஒரு சட்டத்தில், டிக்கியின் அடியிலோ கதவுத் தூணுக்குள்ளோ, சேசிஸ் எண்ணை நீங்களும் ஒரு முறை அடித்து வைப்பது நல்லது.

ஐம்பது ஆண்டு தாண்டிய, பழைய உருவம் மாறாத வண்டிகளைத் தனியாகப் பதிவு செய்து, வி, ஏ எழுத்துகள் சேர்ந்த எண் தரும் விதிகளை இந்திய அரசு 2021இல் கொண்டுவந்தது. அந்தப் பதிவும் கடைசியில் சேசிஸ் எண்ணைத்தான் நம்பி நிற்கிறது. ஆர்டிஓ அலுவலகத்துக்காகச் சேசிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு படியை உங்களுக்காகவும் எடுத்து வையுங்கள். கையால் அடித்த எண்களில் ஓர் 7 சாய்ந்திருக்கும், ஒரு 3 அரை மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். வேறு காரின் எண்ணாக மாற்றி அடிப்பவனால் அந்தச் சாய்வுகளை அப்படியே கொண்டுவர முடியாது. எண்ணின் படி, வெல்டிங் தழும்புகளின் படங்கள், எஞ்சின் எண், கியர்பாக்ஸ் எண் ஆகியவற்றைக் காருக்குள் வைக்காமல் வீட்டில் ஓர் உறையில் போட்டு, தேதி எழுதி வைக்கவேண்டும். போலீஸ் நிலையத்தில் புகார் எழுதும்போது அவர்கள் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.